அம்மன் முகம் ஒட்டிய கிளிப்

செய்த பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டுத் தாய் அங்காளம்மனின் கருணையை மட்டும் எழுதினால் அது அனுபவம் ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். விளம்பரம் செய்தே பிழைத்தவன் நான். 

என் பெயர் ஏழுமலை. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். கார் சீட் கவர், கால் மேட், ஹாரன், ஸ்டிக்கர், வாசனைப் பாட்டில், இதெல்லாம் என் வியாபாரம். எங்கள் குடும்பத்துக்கு மேல்மலையனூர் அங்காளம்மன்தான் எல்லாம். போன ஆடி அமாவாசை அன்று காலை என் மனைவி செல்வி பொங்கல் வைப்பதற்காக எங்கள் காரில் மலையனூர் கிளம்பினாள். அவள் தம்பி மணிகண்டன் ஓட்டினான். வளத்தி தாண்டி கொஞ்ச தூரத்தில் கார் ரோட்டோரப் புளியமரத்தில் மோதியது. அன்று பகல் முழுவதும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, என் பெண்டாட்டியை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துக்கத்தில் வந்த வெற்று நினைப்பில்லை அது. அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது.

இப்போது வரும் கார்களில் முன் சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்றால் டிங் டிங் என்று சத்தம் வரும். போடும் வரை விடாது. அந்தச் சத்தத்தை அடக்க ஒரு சின்ன இரும்பு நாக்கு விற்கிறார்கள். பெல்ட்டின் நுனியில் இருக்கிற அதே அளவு, அதே வடிவம். பெல்ட்டுக்குப் பதிலாக இதைப் பூட்டில் சொருகிவிட்டால், ஆள் பெல்ட் போட்டாகிவிட்டது என்று கார் நம்பிவிடும். சத்தம் நின்றுவிடும். கடைக்காரர்கள் இதைக் கிளிப் என்போம். விற்கக் கூடாத பொருள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கண்ணாடி அலமாரியில் வைக்காமல் மேசைக்கு அடியில் ஒரு டப்பாவில் வைத்திருந்தேன்.

தெரிந்தே விற்றேன் என்பதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. சிலர் கிளிப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குங்க இது, ஏதாவது ஆயிடப்போவுது" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. கிளிப்பின் தலையில் வட்டமாகக் கொஞ்சம் இடம் இருக்கும். அதில் அங்காளம்மன் முகத்தைப் பளபளப்பான ஸ்டிக்கராக அடித்து ஒட்டினேன். அன்றிலிருந்து ஒருவர்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப்போனார்கள்.

புது வண்டி எடுத்தால் முதல் அமாவாசைக்கு மலையனூர் கொண்டுபோய்ப் பூஜை போடுவது நம் பக்கத்து வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். போகிற வழியில் என் கடையில் நிற்பார்கள். அவர்களுக்கென்று பூஜை செட் ஒன்று வைத்திருந்தேன். கண்ணாடியில் தொங்க ஒரு மணி, முன்னால் கட்ட எலுமிச்சையும் மிளகாயும், டேஷ்போர்டுக்கு ஒரு பித்தளை அம்மன், பெல்ட் பூட்டுக்கு இந்தக் கிளிப். டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு நேர் எதிரே டேஷ்போர்டில் அகலமாகத் தட்டையாக ஒரு இடம் இருக்கும். அதன் மேல் ஏர்பேக் என்று எழுதியே இருக்கும். அந்த எழுத்தின் மேலேயே பசை தடவி அம்மனை உட்கார வைப்பேன். அதோடு வாயும் சும்மா இருக்காது.

"பெல்ட்டு மனுசன் தச்சது. இவ ஒலகத்தையே காக்கறவ. நீங்க யார நம்புறீங்க, சொல்லுங்க."

அதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும். பக்தியில் கை வைத்துப் பேசினால் எதிரில் நிற்பவனுக்கு வாய் அடைத்துவிடும். அது தெரிந்துதான் பேசினேன். இந்த வாயால்தான் நாள் தவறாமல் தாயின் பெயரையும் சொன்னேன்.

ஒருவர் மட்டும் எனக்குப் புத்தி சொன்னார். எதிர்க்கடையில் கார் வயரிங் வேலை செய்கிற பாஷா பாய். ஒரு நாள் டீ குடிக்கும்போது, "ஏழுமலை, அந்த ஏர்பேக் மூடிக்கு உள்ளதாம்ப்பா, மோதுனா ஆளத் தாங்குற காத்துப் பை மடிச்சி வெச்சிருக்குது. அதும்மேல செலய ஒட்டுறியே" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "ஒனக்கு எங்க சாமி மேல நம்பிக்கை இல்ல பாய், அதான் இப்பிடிப் பேசுற" என்றேன்.  பாய் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு அவர் கடைக்குப் போனார். நான் வெற்றி பெற்றவன் போலச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் சொந்தக் கார் பழைய வண்டிதான். ஆனால் உயர்ந்த ரகம். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வைத்திருந்து விற்றது. ஊருக்கெல்லாம் மாட்டுகிறவன் என் வண்டிக்கு மாட்டாமல் இருப்பேனா. டேஷ்போர்டில் மற்றவர்களுக்கு வைத்ததைவிடப் பெரிய பித்தளை அம்மன் வைத்தேன். பக்கத்து சீட்டுப் பூட்டில் கிளிப் சொருகினேன். சீட்டின் ஓரத்திலிருந்தும் பை வரும் என்று அந்த இடத்தில் சின்னதாக எழுதியிருந்தது. அதையும் சேர்த்து ரெக்சின் கவரை இறுக்கித் தைத்து மூடினேன். டிரைவர் சீட்டில் மட்டும் கிளிப் போடவில்லை. கேமராவில் படம் பிடித்து அபராதம் போடுகிறார்கள் அல்லவா. உயிருக்குப் பயப்படாதவன் அபராதத்துக்குப் பயந்தேன்.

செல்வி எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவாள். அன்று பின் சீட்டு முழுவதும் பொங்கல் பானை, விறகுக்கட்டு, பூக்கூடை. அதனால் முன்னால் உட்கார்ந்தாள். என்னையும் கூப்பிட்டாள். அமாவாசை அன்று கடையைப் பூட்டினால் எப்படி என்று சொல்லி நான் போகவில்லை. வேறு எந்த நாளையும்விட அன்றைக்குத்தான் கிளிப் அதிகமாகப் போகும்.

பத்தரை மணி இருக்கும். திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் நான் குனிந்து கிளிப் சொருகிக்கொண்டிருந்தேன். மணிகண்டன் போன் செய்தான்.

"மாமா, வண்டி மரத்துல மோதிடுச்சி மாமா. நடந்து போற ஜனம் குறுக்க வந்துடுச்சி, திருப்பிட்டேன். அக்கா பேச மாட்டேங்குது. மூஞ்செல்லாம் ரத்தமா இருக்குது."

என் விரல் அந்தக் கிளிப்பின் மேலேயே இருந்தது. அம்மன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வண்டிக்காரரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ரோட்டுக்கு ஓடினேன். பாஷா பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்காமல் பைக்கை எடுத்தார்.

செஞ்சி ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸும் வந்தது. செல்வியை இறக்கும்போது பார்த்தேன். முகத்தின் இடப்பக்கம் முகமாகவே இல்லை. கண் வீங்கி மூடிக்கிடந்தது. கூப்பிட்டேன், அசைவில்லை. முதல் உதவி செய்துவிட்டு உடனே விழுப்புரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். கதவை மூடினார்கள். மணிகண்டனுக்கு மணிக்கட்டு மட்டும் முறிந்திருந்தது. அவனை வேறு பக்கம் கூட்டிப்போனார்கள். நானும் பாஷா பாயும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் பிரியா பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரின் போனில் பேசினாள். யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

"நைனா, அம்மாவுக்கு இன்னா ஆச்சி?"

"ஒன்னும் இல்லம்மா. சின்ன அடிதான். நீ சாப்டியா?"

அதுவும் பொய். வாயைத் திறந்தால் பொய்தான் வருகிறது என்று எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. போனை வைத்துவிட்டுப் பாயிடம் கேட்டேன். அன்றைக்கு நீ சொல்ல வந்ததை இப்போது முழுதாகச் சொல் என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை.

"இன்னாத்துக்குப்பா இப்ப அது."

"சொல்லு பாய். நான் தெரிஞ்சிக்கணும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "ஒன் வண்டி மாதிரி வண்டிங்கள்ல சீட்டுக்கு அடியில சென்சார் இருக்குது. உக்காந்துருக்கறது கொழந்தையா, பெரிய ஆளா, எவ்ளோ வெயிட்டு, பெல்ட் போட்டுருக்குதா, எல்லாத்தையும் பாத்துக்கினே இருக்கும். மோதுச்சின்னா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பெல்ட் மொதல்ல ஆள இழுத்துப் புடிச்சிக்கும். அப்புறம் நெஞ்செலும்பு ஒடையாத அளவுக்குக் கொஞ்சம் வுட்டுக் குடுக்கும். பையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெடிக்காது. ஒல்லியான ஆளா இருந்து பெல்ட்டும் போட்டுருந்தா ஒரு வேகம், போடலன்னா வேற வேகம். அந்தந்த ஆளுக்குத் தக்கன மாத்திக்கும்."

"கிளிப் போட்டுருந்தா?"

"பெல்ட் போட்டாச்சின்னு வண்டி நம்பிடும். இழுக்கறதுக்கு ஆள் மேல பெல்ட் இருக்காது. ஆளு எகிறி முன்னாடி வந்துடுவாங்க. அவங்க சீட்லதான் இருக்காங்கன்னு நெனச்சி பை இந்தப் பக்கம் வெடிச்சி வரும்." அதோடு நிறுத்திக்கொண்டார்.

சிலையைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மூடி பிய்த்துக்கொண்டு திறக்கும்போது அதன் மேல் ஒட்டியது எங்கே போகும் என்று கணக்குப் போட எனக்குப் படிப்பு தேவையில்லை.

எழுந்து வாஷ்பேசினுக்குப் போனேன்.  கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பசை வாசனை போகவில்லை. யாரோ ஒருவர் ஒவ்வொரு பயணத்துக்கும் நமக்காக யோசித்து, எடை பார்த்து, இத்தனை நுணுக்கமாக ஒரு காவலைச் செய்து வைத்திருக்கிறார். நான் அதன் வாயில் ஓர் இரும்பு நாக்கைத் திணித்துப் பொய் சொல்ல வைத்தேன். அந்தப் பொய்க்கு என் தாயின் முகத்தை ஒட்டினேன். கொலைகாரனுக்குக்கூட எதிராளி மேல் கோபம் என்று ஒரு காரணம் இருக்கும். எனக்கு என்ன இருந்தது. வியாபாரம் இருந்தது.

கும்பிடலாம் என்று கையைக் குவித்தேன். முடியவில்லை. கண்ணை மூடினால் வருகிற அம்மன் முகம் கோயில் முகமாக இல்லை, என் ஸ்டிக்கரில் இருந்த முகமாக இருந்தது. அந்தப் பளபளப்பு எனக்கு அசிங்கமாக இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டேதான் வேண்டினேன். எதிரே சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் பேசினேன்.

தாயே, ஒன் மூஞ்ச வெச்சிப் பொய் வித்தேன். ஒன்ன அந்த மூடி மேல ஒக்கார வெச்சி, எவனோ ஒருத்தன் உயிரக் காக்க செஞ்சி வெச்சத அடச்சேன். என்ன இன்னா வேணா பண்ணு. அவ ஒரு பாவமும் அறியாதவ. அவள எனக்குக் குடு. வித்தத எல்லாம் வீடு வீடாப் போயி நானே புடுங்குறேன். புடுங்காம ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.

மணி ஒன்று ஐந்து. சுவரில் கடிகாரம் இருந்ததால் தெரியும். பாய் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் சாமி மேல் நம்பிக்கை இல்லை என்று நான் இழித்துப் பேசிய மனிதர் என் மனைவிக்காக அவர் இறைவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை, வெட்கமாக இருந்தது.

மூன்று மணி சுமாருக்கு ஒரு நர்ஸ் வெளியே வந்தார். நடுத்தர வயது, கண்டிப்பான முகம்.

"செல்வி வூட்டுக்காரர் யாரு? நெனவு வந்துடுச்சி. தலையில உள்காயம் ஒன்னும் இல்ல. கன்னத்து எலும்பு ஒடைஞ்சிருக்குது, ஆபரேஷன் பண்ணணும். பெல்ட் போட்டுருந்தாங்களோ, பொழச்சாங்க."

"இல்லம்மா. அவ பெல்ட் போடல."

"போட்டுருந்தாங்க."

"போட்டுருக்க முடியாதும்மா. நான்தான் பூட்டுல கிளிப் சொருவி வெச்சிருந்தேன்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை எனக்கு வேண்டியதுதான். "வாங்க" என்று உள்ளே கூட்டிப்போனார். செல்வியின் தோளில் துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். இடத் தோளிலிருந்து மார்பின் குறுக்கே, நான்கு விரல் அகலத்துக்கு, கறுப்பும் நீலமுமாக ஒரு பட்டை கன்றிப்போயிருந்தது. பெல்ட் பிடித்த தடம். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான காயத்தை நான் பார்த்ததில்லை. அப்படியே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

செல்விக்கு வாயைத் திறக்க முடியவில்லை. ஆனாலும் பேசினாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"எப்பிடிடி பெல்ட் போட்ட?" என்று கேட்டேன்.

"அத புடுங்கிட்டேன்."

"ஏன்?"

"வளத்தியாண்ட வரசொல்ல குனிஞ்சி பாக்கறேன், இடுப்பாண்ட அம்மா மூஞ்சி. அது மேல ஒரசிக்கினு ஒக்காந்துனு வரேன் நானு. பொங்கல் வெக்கப் போறவ. ஒடம்பெல்லாம் கூசிப்போச்சி." மூச்சு வாங்கினாள். "புடுங்கி கண்ணுல ஒத்திக்கினு பூக்கூடையில வெச்சேன். ஒடனே வண்டி கத்த ஆரம்பிச்சிடுச்சி. மணிகண்டன் தல வலிக்குதுன்னான். சரி கத்தாத இருக்கட்டும்னு பெல்ட்ட எடுத்து மாட்டினேன்."

இவ்வளவுதான். அவளுக்கு உயிர்ப் பயம் வந்து பெல்ட் போடவில்லை. சட்டத்துக்குப் பயந்து போடவில்லை. சென்சார் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. தாயின் முகத்தின் மேல் இடுப்பு படுகிறதே என்று கூசினாள். நான் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று ஒட்டிய அதே முகம் அவளை உறுத்தி, அந்தக் கிளிப்பைப் பிடுங்க வைத்தது. வளத்தியிலிருந்து அந்தப் புளியமரத்துக்கு எவ்வளவு தூரம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். சில நிமிடம்தான்.

நான் வேண்டிக்கொண்டது பகல் ஒன்று ஐந்துக்கு. செல்வி பெல்ட் போட்டது காலை பத்து மணிக்கு மேல். நான் வாயைத் திறந்து கேட்பதற்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் முன்பே தாய் எனக்குக் கொடுத்துவிட்டாள். நான் கேட்க லாயக்கற்றவன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதனால் என்னை எதிர்பார்க்காமல் அவளே செய்துவிட்டாள். இதை நான் ஆயிரம் முறை யோசித்துவிட்டேன். எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

கன்னத்து எலும்பு ஏன் உடைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பை பட்டா இப்படி ஆழமா குத்தாது. கூரா எதுவோ பட்டிருக்கு. இன்னும் ஒரு விரல் மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். டேஷ்போர்டுல ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

"அம்மன் செல சார். நான்தான் ஒட்டினேன்."

 டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார். பெல்ட் அவளைச் சீட்டில் பிடித்து வைத்தது. பை, அவள் எடைக்கும் பெல்ட்டுக்கும் தக்கபடி விரிந்தது. அன்று தன் வேலையைச் சரியாகச் செய்யாதது அந்தக் காரில் ஒன்றுதான். அது நான் ஒட்டியது.

மறுநாள் செல்வியின் பெரியம்மா பார்க்க வந்தார். வந்ததும் வராததுமாக, "முன்னாடி அம்மன் செல இருந்துச்சே, அதான் புள்ள பொழச்சிது" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குக் காது கூசியது. அந்தப் பேச்சு அப்படியே ஊர் முழுக்கப் பரவினால் என் கடையில் அடுத்த அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும். அதுவும் எனக்குத் தெரியும். எழுந்து, "பெரியம்மா, அவ கன்னத்த ஒடைச்சதே அந்தச் செலதான். அத ஒட்டினவன் நான்" என்றேன். பெரியம்மாவுக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. சாமியைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சாமியை யார் குற்றம் சொன்னது. வைக்கக் கூடாத இடத்தில் வைத்தவனைச் சொன்னேன்.

செல்வியை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, கொடுத்த வாக்கைச் செய்யக் கிளம்பினேன். அது சுலபமாக இல்லை. தொண்டூரில் ஒருவர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "நீதான விக்கசொல்ல அம்மா பாத்துப்பான்ன. இப்ப அம்மா பாக்க மாட்டாளா?" என்று கேட்டார். என் வார்த்தையை என் மேலேயே எறிந்தார்.  செல்வியின் முகத்தைப் போனில் காட்டினேன். அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். பனமலையில் ஒருவர் கிளிப்பைக் கழற்ற விட்டார். சிலையை எடுக்கச் சம்மதிக்கவில்லை. சிலையைச் சுரண்டி எடுத்தால் தோஷம் என்றார். மறுபடி போனேன். மூன்றாம் முறை போனபோது கற்பூரம் ஏற்றி, தாயிடம் மன்னிப்புக் கேட்டு, எடுத்து அவர் பூஜை அறையில் வைத்துக் கொடுத்தேன். வைக்க வேண்டிய இடம் அதுதானே.

கழற்றி வந்த கிளிப்புகளை அப்படியே குப்பையில் போட மனம் வரவில்லை. தண்ணீரில் ஊற வைத்து ஸ்டிக்கரை உரித்து எடுப்பாள் செல்வி. அதைக் கொண்டுபோய் ஓடும் தண்ணீரில் விட்டுவிடுவோம். இரும்பைப் பாஷா பாய் சுத்தியலால் அடித்து வளைத்துவிடுவார், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அத வுடு, அந்த ஸ்குரு டிரைவர எடு" என்றார். சீட் ஓரத்துப் பை இருக்கிற இடத்தில் இப்போது நான் கவர் தைப்பதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தே விடுகிறேன்.

இன்னமும் கிளிப் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்கள். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். ஒரு சத்தத்தைப் பத்து நிமிடம் பொறுக்க முடியாமல், பெண்டாட்டி பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு, காரையே ஏமாற்றிவிட்டோம் என்று சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எனக்கு அதை வெறுக்க உரிமை இல்லை என்றும் தெரியும். இருந்தாலும் வெறுப்பாகத்தான் இருக்கிறது.

தாயை நம்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. முழுதாக நம்புங்கள் என்று சொல்கிறேன். அவள் காக்கிறாள் என்றால் எதைக் கொண்டு காக்கிறாள் என்று பாருங்கள். எனக்கு அவள் ஒரு பட்டைத் துணியைக் கொண்டும், பெயர் தெரியாத யாரோ ஒருவரின் மூளையைக் கொண்டும், செல்வியின் கூச்சத்தைக் கொண்டும் காத்தாள். அவள் நீட்டுகிற கையைத் தட்டிவிட்டுவிட்டு அவள் பெயரைச் சொன்னால், அதற்குப் பக்தி என்று பெயர் இல்லை.

விற்றதில் எனக்கு நினைவு இருப்பதை எல்லாம் கழற்றிவிட்டேன், ஒன்றைத் தவிர. இதை எழுதுவதே அதற்காகத்தான். விபத்துக்கு முந்தின மாசி மாதம் வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வான நீல நிறத்தில் சின்னக் கார். வண்டி எண்ணை நான் பார்க்கவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தாய் கொடுத்த குழந்தை என்று சொன்னார்கள். முதல் மொட்டை போட மலையனூர் போனார்கள். அந்த அக்கா முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே நான்தான் சிலையை ஒட்டினேன். அவர் பக்கத்துப் பூட்டில் நான்தான் கிளிப் சொருகினேன். குழந்தை கையை நீட்டியது. "பாரு பாரு, சாமி பாரு" என்று அந்தக் கிளிப்பைத் தட்டிக் காட்டினேன். குழந்தை சிரித்தது.

அக்கா, அண்ணா, இது உங்கள் கண்ணில் பட்டால் இப்போதே எழுந்து வண்டிக்குப் போங்கள். சிலையை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். கிளிப்பைப் பிடுங்குங்கள். குழந்தையைப் பின் சீட்டுக்கு மாற்றி, அதன் வயதுக்கு ஏற்ற இருக்கையில் கட்டி உட்கார வையுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள். என் மனைவிக்காக நான் கேட்டது கிடைத்துவிட்டது. இந்தக் குழந்தைக்காகத் தினமும் கேட்கிறேன். வாக்கு இன்னும் முடியாததால் நான் அவள் வாசற்படி மிதிக்கவில்லை. அமாவாசைக்குச் செல்வி மட்டும் உள்ளே போகிறாள். நான் வண்டிகள் நிற்கிற இடத்தில் நின்று ஒவ்வொரு நீல நிறக் காராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.